அச்சத்தின் சொற்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கத்தில் ஃபியர், டிரெட், டெரர், ஹாரர் என்று நான்கு சொற்கள் வருகின்றன. அகராதியோ அச்சம், பயம், பீதி, திகில் என்பவற்றையே நான்குக்கும் மாற்றி மாற்றித் தருகிறது. இவற்றைச் சிறிய பயத்திலிருந்து பெரிய பயம் வரை வரிசைப்படுத்தித் தர முடியுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வரிசைப்படுத்தலாம். ஆனால் நீங்கள் கேட்கும் வரிசை உங்களுக்கு அதிகம் உதவாது. இச்சொற்களில் பயத்தின் அளவைவிட முக்கியமானது, அஞ்சப்படும் பொருள் எங்கே இருக்கிறது என்பது: இன்னும் வரவில்லையா, நெருங்கிக்கொண்டிருக்கிறதா, வந்து கண்முன் கிடக்கிறதா?

ஃபியர் பொதுச்சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல் திடீரென வந்து விழும் ஆபத்தைக் குறித்தது. அந்த ஆபத்தின் பெயர் பின்னர் அதை எதிர்கொள்பவரின் உணர்ச்சிக்கு ஆகிவந்தது.

டிரெட் என்பது இன்னும் வராத, ஆனால் வந்தே தீரும் என்று நாம் நம்பும் ஒன்றைப் பற்றியது. தீர்ப்பு நாளை எதிர்நோக்கியிருப்பவர் உண்ணலாம், உறங்கலாம், சிரிக்கவும் செய்யலாம். ஆனாலும் அந்த நாள் உள்ளே கனத்துக்கொண்டேயிருக்கும். நாளை நடக்கவிருக்கும் சலிப்பூட்டும் அலுவலகக் கூட்டத்துக்கும் ஆங்கிலேயர் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்பதால், இதை அளவால் விளக்க முடியாது. ‘வயிற்றில் புளியைக் கரைக்கிறது’ என்கிறோமே, அது டிரெட்டுக்கு மிக நெருக்கமானது. இதற்குப் பக்கத்தில் நிற்கும் ஆங்ஸைட்டியில், அதாவது மனப்பதற்றத்தில், வரப்போவது இன்னதென்ற தெளிவுகூட இருக்காது. நெரித்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது அது. நெஞ்சை இறுக்கும் வலியான ஆஞ்சைனாவும் அதே வேரில் பிறந்ததுதான். டிரெட்டுக்கும் ஆங்ஸைட்டிக்கும் இடையிலான எல்லை தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கும் எளிதாக இருந்ததில்லை. தத்துவவாதி கீர்க்ககார்ட் 1844இல் டேனிஷ் மொழியில் எழுதிய நூலின் தலைப்பில் உள்ள சொல், 1944இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் டிரெட் என்றும், 1980இல் வந்ததில் ஆங்ஸைட்டி என்றும் ஆயிற்று.

உங்களை அதிகம் தடுமாறவைப்பவை டெரரும் ஹாரருமாகத்தான் இருக்கும். பேய்க்கதை நாவல்களுக்குப் பெயர்பெற்ற ஆன் ராட்கிளிஃப் இவற்றை எதிரெதிரானவை என்றே கருதினார். டெரர் உள்ளத்தை விரித்துப் புலன்களை விழிக்கச் செய்கிறது, ஹாரர் அவற்றைச் சுருக்கி உறையவைக்கிறது என்பது, அவர் மறைந்த பின் 1826இல் வெளியான கட்டுரையில் அவர் சொன்னதன் சாரம். பூட்டிய கதவுக்கு அப்பால் காலடியோசை கேட்கும்போது இருப்பது டெரர். கதவு திறந்து, உள்ளே கிடப்பதைக் கண்ட பிறகு வருவது ஹாரர். ஹாரரில் அருவருப்பும் கலந்திருக்கும். அது எழுவதற்குக் காண்பவருக்கு எந்த ஆபத்தும் இருக்க வேண்டியதில்லை. யாருக்கோ நேர்ந்த கொடுமையைப் படிக்கும்போதும் அது எழும். அதன் லத்தீன் வேர் மயிர் சிலிர்ப்பதைக் குறிப்பது. ஆனால் நம் மயிர்க்கூச்செறிதல் பக்தியிலும் மகிழ்ச்சியிலும் நேர்வதால், அதை அப்படியே எடுத்து வைத்துவிட முடியாது.

திகிலை நான் டெரருக்கே ஒதுக்குவேன். இரண்டு வகைப் படங்களையும் நாம் திகில் படம் என்று சொல்லிப் பழகிவிட்டதால்தான் இந்தக் குழப்பம். நானும் ஒருமுறை ஹாரரைத் திகில் என்று எழுதிவிட்டு, அச்சான பிறகு வருந்தியிருக்கிறேன். அந்தக் கதையில் தாய் கண்டது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்ட ஒன்றை.

பேனிக், கிரேக்கர்களின் பான் என்னும் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. அது மனநிலையோடு நில்லாமல், யோசனையின்றிச் சிதறியோடும் செயலையும் சேர்த்துச் சொல்வது. பீதி அதற்குப் பொருந்தும்.

நம் இலக்கணமும் அச்சத்தை அளவால் பகுக்கவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். தொல்காப்பியம் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசர் போன்ற மேலோர்) என்று அச்சத்தின் காரணங்களைத்தான் நான்காக வகுக்கிறது.

உங்கள் பக்கத்தில் நான்கு பெயர்ச்சொற்களுக்கு நான்கு பெயர்ச்சொற்களையே தேட வேண்டியதில்லை. தமிழில் அச்சம் பெரும்பாலும் உடலின் வினையாகவே வெளிப்படுகிறது: அடிவயிறு கலங்குகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, கைகால் வெலவெலக்கிறது. ஃபியரை மட்டும் அச்சம் என்றே விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் வினைகளாக மாற்றி எழுதிப் பாருங்கள்.