மலையில் சின்ன வீடு: குடும்பத்தோடு வாழ முடியுமா?

"கொடைக்கானல் பக்கம் இரண்டு அறை வீடு கட்டி, மனைவி, குழந்தையோடு எளிமையாக வாழ ஆசை. சரிப்பட்டு வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். பூம்பாறைப் பக்கம் மூன்று வருடம் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். ஆனால் வீடு கட்டுவதைவிட, தினமும் சமைத்துத் துவைப்பதுதான் பெரிய வேலை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, குக்கர் கட்டாயம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும். தலைவாரும் முன் என் மகள் பாட்டிலை அடுப்போரம் வைத்துவிட்டு, பக்கத்திலேயே குளிர்காய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். ஐப்பசி மழையில் துணி நான்கு நாளானாலும் காயாது. விறகைக் கோடையிலேயே அடுக்கி மூடிவிடுங்கள்.

இடம் வாங்கும் முன் பட்டாவோடு நிற்காதீர்கள். பல மலைக் கிராமங்களில் வீடு கட்ட ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும அனுமதியும் வேண்டும். அப்புறம், அடைமழையில் ஒரு தடவை போய், தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். விலை குறைந்த சரிவு நிலம் வேண்டவே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையிலும் மரங்களைச் சாய்த்தது. வீட்டை ஒட்டிப் பெரிய மரம் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

பள்ளியும் மருத்துவமனையும் அரை மணி நேரத்துக்குள் இருக்கட்டும். முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள், குறிப்பாக மழைக்காலத்தை அங்கேயே கழித்துப் பாருங்கள். கொல்லையில் நாலு பாத்தி மலைப்பூண்டு போடுங்கள். குழந்தைக்கு அதைப் பிடுங்குவது அவ்வளவு பிடிக்கும்.