சல்மான் கான் வழக்கும் ஓட்டுநர் உரிமமும்: சில கேள்விகள், சில பதில்கள்

2002ஆம் ஆண்டு மும்பை பாந்த்ராவில் நடந்த கார் விபத்து வழக்கில், உரிமம் இல்லாமல் ஓட்டினார் என்ற குற்றச்சாட்டு உட்பட அனைத்திலிருந்தும் நடிகர் சல்மான் கான் விடுவிக்கப்பட்டது குறித்தும், போலி உரிமம் தொடர்பான சட்டம் குறித்தும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மோட்டார் வாகன விபத்து வழக்குகளை நடத்தி வரும் வழக்கறிஞர் ஒருவர் அளித்த பதில்கள்.

சல்மான் கான் போலி உரிமம் வைத்திருந்தார் என்றும், நீதிமன்றம் அதை அசல் என்று ஏற்று அவரை விடுவித்தது என்றும் எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா, ஐயா?

இரண்டுமே சரியல்ல. அந்த வழக்கில் போலி உரிமம் என்ற குற்றச்சாட்டே இல்லை. 2002 செப்டம்பர் 28 அதிகாலையில் டொயோட்டா லேண்ட் குரூசர் கார் ஒன்று ஹில் ரோட்டில் ஒரு கடையின் மீது மோதியதில், நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த ஒருவர் இறந்தார், நால்வர் காயமடைந்தனர். காரை ஓட்டியவர் சல்மான் கான் என்றும், அவர் மது அருந்தியிருந்தார் என்றும், அன்றைக்கு அவரிடம் ஓட்டுநர் உரிமமே இல்லை என்றும் அரசுத் தரப்பு கூறியது. 2015 மே 6 அன்று செஷன்ஸ் நீதிமன்றம் இவற்றை ஏற்று, கொலை ஆகாத மரணம் விளைவித்தல் பற்றிய இந்திய தண்டனைச் சட்டம் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியின் கீழ் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ஏ.ஆர். ஜோஷி அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தார்.

அவர் உரிமம் பெற்றதே 2004இல்தான் என்று போக்குவரத்து அலுவலக ஆவணமே சொல்கிறது. அப்படியிருக்க, 2002இல் உரிமம் இல்லாமல் ஓட்டினார் என்பது தானாகவே உறுதியாகிவிடாதா?

உறுதியாகாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 3ஆம் பிரிவு, உரிமம் இல்லாத ஒருவர் பொது இடத்தில் வாகனம் ஓட்டுவதைத் தடைசெய்கிறது; 181ஆம் பிரிவு அதற்குத் தண்டனை விதிக்கிறது. உரிமம் இல்லாமல் இருப்பது மட்டும் எந்தச் சட்டத்திலும் குற்றமன்று. நம் நாட்டில் கோடிக்கணக்கானோரிடம் உரிமம் கிடையாது. உரிமம் இல்லாத நிலையில் ஓட்டினால்தான் குற்றம். ஓட்டியவர் இவர்தான் என்பது சந்தேகத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் முடிவு செய்த பிறகு, உரிமம் பற்றிய குற்றச்சாட்டுக்கு நிற்க இடமில்லாமல் போனது. அவரிடம் அன்று செல்லுபடியாகும் உரிமம் இருந்தது என்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை. விடுதலையானார் என்பதால் உரிமம் வைத்திருந்தார் என்று பொருள் கொள்வது பெரும் பிழை. ஆனால் செய்தித் தலைப்புகளைப் படித்துவிட்டுப் பலரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

நான் சட்ட மாணவி. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டம் 106ஆம் பிரிவு சொல்கிறதே. உரிமம் இருந்ததை சல்மான் கான்தானே காட்டியிருக்க வேண்டும்?

நல்ல கேள்வி. அந்தப் பிரிவின் கீழ் சட்டமே தரும் எடுத்துக்காட்டு உங்களுக்கு நினைவிருக்கும்: பயணச்சீட்டு இல்லாமல் ரயிலில் பயணம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர், தன்னிடம் சீட்டு இருந்ததைத் தானே மெய்ப்பிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்; எனக்கு உரிமம் உண்டு என்று சொல்பவர் அதைக் கொண்டுவந்து காட்டுவதுதான் முறை. ஆயினும் அந்த எடுத்துக்காட்டில் அவர் ரயிலில் பயணம் செய்தார் என்பது முன்பே நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். ரயிலில் இருந்தாரா என்பதே ஐயமாக இருக்கும்போது சீட்டைக் காட்டு என்று கேட்க முடியாது. 106ஆம் பிரிவு அரசுத் தரப்பின் அடிப்படைச் சுமையை இறக்கி வைப்பதில்லை. தற்போது அதே விதி, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 109ஆம் பிரிவாக உள்ளது. தேர்வில் இரண்டு எண்களையும் எழுதுங்கள்.

அவர் ஓட்டினார் என்பதை நம்ப உயர் நீதிமன்றம் ஏன் மறுத்தது?

அவருக்குப் பாதுகாப்பாகக் காரில் உடன் சென்ற காவலரின் வாக்குமூலம்தான் வழக்கின் முதுகெலும்பு. அவர் அளித்த முதல் தகவல் அறிக்கையில் மது பற்றிய பேச்சு இல்லை. பின்னர் அளித்த வாக்குமூலத்தில் அது சேர்ந்தது. 2007இல் அவர் இறந்துவிட்டார். வழக்கு முதலில் கவனக்குறைவால் மரணம் என்ற இலகுவான குற்றச்சாட்டாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடந்தது. கடுமையான 304ஆம் பிரிவுக்கு மாறி செஷன்ஸ் நீதிமன்றத்தில் புதிதாக விசாரணை தொடங்கியபோது அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. பழைய சாட்சியத்தைப் புதிய விசாரணையில் பயன்படுத்தியதை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரை முழுமையாக நம்பத்தக்க சாட்சியாகவும் கருதவில்லை. காரில் இருந்த பாடகர் கமால் கானை அரசுத் தரப்பு விசாரிக்காததையும் குறையாகச் சுட்டிக்காட்டியது. நானே ஓட்டினேன் என்று குடும்ப ஓட்டுநர் பதின்மூன்றாண்டுக்குப் பிறகு வந்து சொன்னதைப் பலர் கேலி செய்தார்கள். எனினும் அரசுத் தரப்பின் கட்டடம் ஏற்கெனவே பல இடங்களில் விரிசல் கண்டிருந்தது என்பதே என் மதிப்பீடு.

நட்சத்திரம் என்பதால்தான் தப்பித்தார் என்று வெளிப்படையாகச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?

நீதிபதி முகம் பார்த்துத் தீர்ப்பு எழுதினார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததைச் சொல்வது என் தொழிலுக்கு அழகன்று. ஆனால் வசதி படைத்தவருக்கு நீதிமன்றத்தில் கிடைக்கும் உண்மையான அனுகூலம் காலம்தான். பதின்மூன்று ஆண்டுகள் வழக்கைத் தாங்குவதற்குப் பணமும் தேர்ந்த வழக்கறிஞர்களும் வேண்டும். அதற்குள் சாட்சிகள் இறப்பார்கள், மறப்பார்கள், மாறுவார்கள். கூலி வேலைக்குப் போகும் ஒருவர் இதே வழக்கில் சிக்கியிருந்தால் முதல் தீர்ப்பே அவருக்குக் கடைசித் தீர்ப்பாக இருந்திருக்கும்.

ஜெர்மனியில் நடந்ததையும் பாருங்கள். கால்பந்து வீரர் மார்கோ ரியூஸ் பல ஆண்டுகளாக உரிமம் இல்லாமலே கார் ஓட்டியது தெரியவந்தபோது, 2014இல் அவருக்கு 5,40,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அங்கு அபராதம் குற்றவாளியின் நாள் வருமானத்தைக் கணக்கிட்டு விதிக்கப்படுகிறது. நம் 181ஆம் பிரிவில் 2002இல் இருந்த உச்ச அபராதம் 500 ரூபாய். 2019 திருத்தத்துக்குப் பிறகு 5,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறை என்பது ஏட்டில் உண்டு. கோடீஸ்வரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் ஒரே தொகை என்பது சமத்துவம் போலத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யவில்லையா?

செய்தது. மகாராஷ்டிர அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. விடுதலைத் தீர்ப்பை மாற்றுவது எளிதன்று. குற்றமற்றவர் என்ற அனுமானம் விடுதலைக்குப் பின் இரட்டிப்பு வலுப்பெறுகிறது.

சல்மான் கான் வழக்கை விடுங்கள். உண்மையிலேயே போலி உரிமத்துடன் ஒருவர் பிடிபட்டால் என்ன குற்றம்?

உரிமம் இல்லாமல் ஓட்டிய குற்றம் எப்படியும் உண்டு, ஏனெனில் போலி உரிமம் சட்டத்தின் கண்ணில் வெறும் அட்டை. அதற்கு மேல், போலி ஆவணத்தை அசலாகக் காட்டிப் பயன்படுத்துவது பழைய தண்டனைச் சட்டத்தின் 471ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 340ஆம் பிரிவிலும் குற்றம். இங்கேதான் பல வழக்குகள் திசை மாறுகின்றன: அது போலி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். அட்டை போலி என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவேட்டைக் கொண்டு மெய்ப்பித்துவிடலாம்; வைத்திருந்தவரின் அறிவை மெய்ப்பிப்பதுதான் கடினம். பிரபலங்கள் சார்பில் உதவியாளர்கள் ஆவணங்களை வாங்கிவரும் வழக்கம் இருப்பதால், எனக்கு ஒன்றும் தெரியாது என்ற வாதம் அவர்களுக்குச் சற்று எளிதாகவே கைகொடுக்கும்.

தரகர் ஒருவர் 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு உரிமத்தை என் அண்ணன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் ஓட்டுநர் தேர்வுக்குப் போகவே இல்லை. அவரும் தெரியாது என்று சொல்லலாம் அல்லவா?

சொல்லலாம், நான் நீதிபதியாக இருந்தால் நம்பமாட்டேன். தேர்வில் தேறாமல் உரிமம் கிடைக்காது என்பது ஊரறிந்த விதி. பழகுநர் உரிமமும் எடுக்காமல், தேர்வுக்கும் செல்லாமல் அட்டை கைக்கு வந்தால், அது போலி என்று நம்புவதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. இன்றே ஓட்டுவதை நிறுத்திவிட்டு, நேர்மையான வழியில் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அந்த அட்டையைப் புதுப்பித்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். போலி உரிமத்தை அதிகாரியே புதுப்பித்துக் கொடுத்தாலும் அது அசலாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் கமலா வழக்கில் தெளிவாக்கிவிட்டது.

என்னிடம் மூன்று வாடகைக் கார்கள் உள்ளன. ஓட்டுநரின் உரிமம் போலி என்று விபத்துக்குப் பின் தெரிந்தால், காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடுமா?

பாதிக்கப்பட்ட மூன்றாம் நபரிடம் அவ்வாறு கைவிரிக்க முடியாது. 2004இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஸ்வரண் சிங் வழக்கில் இதை விரிவாக ஆராய்ந்தது. உரிமம் போலி என்று மெய்ப்பித்தால் மட்டும் நிறுவனம் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. வாகன உரிமையாளர் நியாயமான கவனம் செலுத்தத் தவறினார் என்பதையும் அது நிலைநாட்ட வேண்டும். அப்படி நிலைநாட்டினாலும், முதலில் பாதிக்கப்பட்டவருக்குத் தொகையைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். எனவே உங்கள் அச்சம் அந்த வசூலைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

வேலைக்கு எடுக்கும்போது உரிமத்தை வாங்கிப் பார்ப்பதும், அவர் வண்டியை ஓட்டுவதை நேரில் பார்த்துத் திறமையை அறிந்துகொள்வதும் உங்கள் கடமை. ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகமாகச் சென்று அது அசலா என்று விசாரிக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் எதிர்பார்க்க முடியாது என 2003இல் லேரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆனால் பார்த்ததற்குச் சான்று வேண்டும். உரிமத்தின் நகலில் தேதியிட்டு ஓட்டுநரின் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அலையாமல் சரிபார்க்க வழி உண்டா?

உண்டு. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால், உரிமத்தின் நிலையும் செல்லுபடிக் காலமும் எந்த வகை வாகனங்களுக்கு அனுமதி என்பதும் தெரியும். எண்ணில் முதலில் மாநிலக் குறியீடும் அலுவலக எண்ணும், அடுத்து வழங்கப்பட்ட ஆண்டும், பின்னர் ஏழு இலக்க வரிசை எண்ணும் இருக்கும். ஆண்டைப் பார்த்தவுடன் ஓட்டுநரின் வயதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதினைந்து வயதில் கார் உரிமம் பெற்றதாகக் காட்டும் அட்டைகளை நான் வழக்குக் கட்டுகளில் கண்டிருக்கிறேன். பழைய கையெழுத்துப் புத்தக உரிமங்கள் சில இணையத்தில் ஏற்றப்படாமல் இருக்கலாம் என்பதால், விவரம் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஓட்டுநரை மோசடிக்காரர் என்று முடிவுகட்டிவிடாமல், வழங்கிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்.