ஜெனரேட்டர் பிக்கப் ஆகறதுக்குள்ள: அவசர விளக்கு பற்றிய கேள்விகளுக்குப் பதில்

திருப்பூர், பல்லடம் பக்கம் கம்பெனிகளுக்கும் மில்லுகளுக்கும் ரொம்ப வருஷமா வயரிங் வேலை பாக்கறேனுங்க. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

பனியன் கம்பெனி மேலாளர், திருப்பூர்: ஆட்டோ ஸ்டார்ட் ஜெனரேட்டர் இருக்குதுங்க. கரண்ட் போனா பத்து நொடியில வந்துருது. பேட்டரி விளக்கு தனியா எதுக்கு?

கரண்ட் கட்டுக்கு ஜெனரேட்டர் போதுமுங்க, தீக்குப் போதாது. தீப்பிடிச்சா மொதல்ல மெயினை ஆஃப் பண்ணுவாங்க, ஜெனரேட்டரையும் நிறுத்துவாங்க. அந்நேரம் மேல்மாடியில துணி சரிபாக்கற செக்கிங்ல இருக்கறவங்க புகையிலயும் இருட்டுலயும் படியைத் தேடோணும். அதுக்குத்தான் கரண்ட் நின்னதும் தானா எரியற, தனக்குள்ளயே பேட்டரி வெச்ச அவசர விளக்கு.

மில் எலக்ட்ரீசியன், பல்லடம்: மாசாமாசம் அவசர விளக்கோட டெஸ்ட் பட்டனை அமுத்திப் பாக்கறேன், எல்லாம் எரியுது. அது போதுங்களா அண்ணா?

போதாது தம்பி. பட்டன் அமுத்தினா அந்த நிமிஷத்துல விளக்கும் பேட்டரியும் சரியா இருக்குதுன்னு மட்டும்தான் தெரியும். ஒரு மில்லுல பட்டன் டெஸ்ட்ல எல்லாமே பாஸ். நான் படிக்கட்டு லைட்டோட எம்சிபியை, அதாவது அந்த லைனை மட்டும் நிறுத்தற சுவிட்சை, இறக்கிப் பாத்தேன். படி முழுக்க இருட்டு, அவசர விளக்கு எரியவே இல்ல. ஏன்னா அதுக்கு ஆபீஸ் யூபிஎஸ்ல இருந்து லைன் குடுத்திருந்தாங்க. படியில கரண்ட் போனது அந்த விளக்குக்குத் தெரியவே வழியில்ல. ஒவ்வொரு இடத்து அவசர விளக்குக்கும் அதே இடத்து சாதா லைட் சர்க்யூட்ல இருந்துதான் சப்ளை குடுக்கோணும். மாசம் ஒரு தடவ எம்சிபியையே இறக்கி, நடந்து போய்க் கண்ணால பாருங்க.

இன்னொண்ணு, எத்தனை நேரம் எரியுதுங்கறது. நம்ம தேசிய கட்டட விதித்தொகுப்பு குறைஞ்சது ஒன்றரை மணி நேரம் எரியோணும்னு சொல்லுது, எவ்வளவு சின்ன இடமா இருந்தாலும். பழைய பேட்டரி பட்டனுக்குப் பளிச்சுன்னு எரிஞ்சுட்டு, பத்து நிமிஷத்துல மங்கிப்போகும். அதனால வருஷத்துக்கு ஒரு தடவ முழு நேரமும் எரிய விட்டுப் பாக்கோணும். சனிக்கிழமை சாயங்காலம் ஆளுங்க போனப்புறம் செய்யுங்க. காலியான பேட்டரி திரும்ப ஏற 24 மணி நேரம் வரைக்கும் ஆகும், ஞாயித்துக்கிழமை அதுக்குச் சரியா இருக்கும். மூணு ஷிஃப்ட் ஓடற மில்லுன்னா ஒண்ணு விட்டு ஒண்ணா ரெண்டு தவணையில பண்ணுங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல காலி பண்ணிடாதீங்க. விளக்குக்கெல்லாம் நம்பர் போட்டு, தேதி, எரிஞ்ச நேரம், மாத்தின பேட்டரி எல்லாம் நோட்டுல எழுதி வைங்க.

விசைத்தறி வெச்சிருக்கறவர், சோமனூர்: பஞ்சு படிஞ்சு விளக்கே தெரியறதில்லீங்க.

தூசி புகாத மூடின வகை வாங்குங்க. தறியைத் துடைக்கற அன்னைக்கே அதையும் துடைச்சிருங்க.

புதுசா ஷெட் கட்டறவர், பெருந்துறை: எங்கெங்க மாட்டோணும்?

வாசக்கதவு ஒவ்வொண்ணுலயும், வழி திரும்பற இடத்துல, படிக்கட்டோட ஒவ்வொரு பகுதிக்கும் நேரா வெளிச்சம் விழற மாதிரி, தரை ஏறி எறங்கற இடத்துல, தீயணைப்புச் சாதனம் பக்கத்துல. வழியோட நடுவுல தரையில 10 லக்ஸ் (லக்ஸ்ங்கறது வெளிச்சத்தை அளக்கற அலகு) வெளிச்சம் வேணும். கடைசிக் கதவுக்கு வெளியிலயும் ஒண்ணு மாட்டுங்க, நெறையப் பேரு அதை விட்டுடறாங்க. 2012 நவம்பர்ல டாக்காவுக்குப் பக்கத்துல தஸ்ரீன் ஃபேஷன்ஸ்ங்கற ஆயத்த ஆடை ஆலையில தீப்பிடிச்சு நூறு பேருக்கு மேல செத்தாங்க. அங்க படியெல்லாம் தீ எரிஞ்ச கீழ்த்தளத்துக்கேதான் எறங்குச்சு. விளக்கு காட்டற வழி வெளிய கொண்டுபோய் விடோணுமுங்க, கதவும் பூட்டியிருக்கக் கூடாது. அயர்னிங் டேபிளுக்கு மேல மட்டும் மாட்டாதீங்க, சூட்டுல பேட்டரி சீக்கிரம் போயிரும்.

செக்கிங் செக்‌ஷன்ல வேலை பாக்கற அக்கா, திருப்பூர்: எங்க ஹால்ல அந்த விளக்கு வேலை செய்யுதான்னு நாங்க எப்படிங்க பாக்கறது?

விளக்குல சின்னதா ஒரு சார்ஜிங் லைட் இருக்குமுங்க அக்கா. கரண்ட் இருக்கறப்ப அது எரியலைன்னா கோளாறு. அதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்குது. அடுத்த தடவ கரண்ட் போய் ஜெனரேட்டர் பிக்கப் ஆகறதுக்குள்ள, தலையைத் தூக்கிப் படி இருக்கற பக்கம் பாருங்க. அங்க வெளிச்சம் இல்லைன்னா விளக்கு நம்பரை அன்னைக்கே சூப்பர்வைசர்கிட்டச் சொல்லி, நோட்டுல எழுதச் சொல்லுங்க.