சுடுகாட்டு மல்லி கஷாயம் சுகருக்கு ஆகுமா?

கேள்வி: நித்யகல்யாணி இலைய கஷாயம் போட்டு குடிச்சா சுகர் குறையும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க, இத லேப்ல டெஸ்ட் பண்ணிருக்காங்களா சார்?

பதில்: நம்ம ஊர்ல சுடுகாட்டு மல்லின்னு சொல்வோமே, அதானே? நல்லாவே டெஸ்ட் பண்ணிருக்காங்கம்மா. 1950கள்ல ஜமைக்காவுல இருந்து வந்த இலைய கனடாவுல ராபர்ட் நோபிள்ங்கற டாக்டர் சுகருக்குன்னுதான் டெஸ்ட் பண்ணார், சுகர்ல பெருசா ஒண்ணும் மாற்றம் இல்ல, ஆனா சாறை ஊசியா போட்ட எலிங்க இன்ஃபெக்‌ஷன் வந்து செத்துப்போச்சு, என்னடான்னு ரத்தத்த பாத்தா கிருமிய எதிர்க்கற வெள்ளணு சர்ருன்னு கொறஞ்சு கெடக்கு. அட, அப்ப வெள்ளணு கண்டபடி பெருகுற ரத்தப் புத்துநோய்க்கு ஆகுமேன்னு சார்ல்ஸ் பீர்ங்கற விஞ்ஞானி கூட சேந்து 1958ல பிரிச்செடுத்ததுதான் வின்பிளாஸ்டின்ங்கற மருந்து, கீமோவுல இன்னிக்கும் இருக்கு. அந்த எலிங்கள நெனச்சுக்கிட்டு கஷாயத்த கீழ ஊத்திடுங்க, சுகர் மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க.