பல கணினிகளில் உபுண்டுவை மேம்படுத்துவதா, புதிதாக நிறுவுவதா?

கல்முனையில் கல்வி நிலையம் நடத்தும் நீங்கள், உபுண்டு இயங்குதளத்தின் 20.04 பதிப்பு உள்ள எட்டுக் கணினிகளையும் மேம்படுத்துவதா, மீள நிறுவுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மீள நிறுவுங்கள் என்பதே என் பதில். ஆனால் மாணவர்களின் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியைத் தொடாமல் நிறுவ வேண்டும்.

20.04க்கான வழமையான ஆதரவு 2025 மே மாதத்துடன் முடிந்துவிட்டது. அதிலிருந்து 24.04க்கு நேரே மேம்படுத்த வழியில்லை, முதலில் 22.04, பிறகே 24.04. ஒவ்வொரு கணினியிலும் இரண்டு தடவை ஏராளமான மென்பொருள் பொதிகளை இறக்க வேண்டியிருப்பதால், மாதாந்த டேட்டா அளவுள்ள இணைப்புக்கு இது கட்டுப்படியாகாது. பொதிகள் மாறிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால், யூபிஎஸ் இல்லாத கணினி பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுவிடும். எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்றில் 24.04ஐ ஏற்றினால் எல்லாக் கணினிகளுக்கும் அதுவே போதும்.

முதலில் டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து, ஹோம் தனிப் பார்ட்டிஷனில் (வன்தட்டின் தனிப் பிரிவில்) இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக இருந்தாலும் வெளி வன்தட்டில் ஒரு பிரதி எடுத்தே தீர வேண்டும். ஹோம் தனியாக இருந்தால், நிறுவும்போது பார்ட்டிஷன்களை நாமே தெரிவுசெய்யும் வழியில் சென்று, இயங்குதளம் இருக்கும் வேர்ப் பகுதியை மட்டும் ஃபார்மட் செய்து, ஹோமை ஃபார்மட் செய்யாமல் அதன் இடத்தில் இணைக்க வேண்டும். ஒரே கணினியில் பல பயனர் கணக்குகள் இருந்தால், ஒவ்வொரு கணக்குக்கும் கணினி வழங்கிய பழைய பயனர் எண்களை முன்கூட்டியே குறித்து வைத்து, அதே எண்களுடன் கணக்குகளை உருவாக்குங்கள். முதற் கணக்குக்கு வழக்கமாக 1000 கிடைக்கும். மற்றவை மாறினால் ஒருவரின் கோப்புகள் இன்னொருவருக்கு உரியவையாகிவிடும்.

நம் பகுதிக் கல்வி நிலையங்களில் பலரும் கவனிக்காமல் விடுவது எழுத்துருவை. யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சுச் செய்த பழைய வினாத்தாள்கள் உங்களிடமும் இருக்கக்கூடும். அந்த எழுத்துரு கணினி முழுவதற்குமாக நிறுவப்பட்டிருந்தால் மீள நிறுவும்போது அழிந்துபோகும். பிறகு லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரியும். எழுத்துருக் கோப்பை முன்னரே பிரதி எடுத்து வையுங்கள்.

நிறுவிய பின் வரும் இற்றைப்படுத்தல்களுக்கு, ஒரு கணினியில் இறக்கிய பொதிகளைச் சேமித்துப் பகிரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருளை நிறுவி, மற்றவற்றை அதன் 3142ஆம் போர்ட்டுக்குத் திருப்புங்கள். ஒரு கணினி இறக்கிய பொதியை மற்றவை உள்வலையமைப்பிலேயே பெற்றுக்கொள்ளும். டேட்டா பெருமளவு மிஞ்சும். நான்கு ஜிபிக்குக் குறைந்த ரேம் உள்ள கணினி ஏதும் இருந்தால், அதற்கு மட்டும் உபுண்டுவின் இலகுவான வடிவமான லுபுண்டு 24.04 பொருந்தும். அதன் ஆதரவு மூன்றாண்டுகளே என்பதால், 2027இல் அந்தக் கணினியை மறுபடி கவனிக்க வேண்டியிருக்கும்.