ஜிஆர்ஐ அறிக்கை என்றால் சான்றிதழா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டக் கம்பனி ஒன்றின் ஆண்டறிக்கையில் 'ஜிஆர்ஐ தரத்துக்கு இணங்க' என்று இருப்பதைப் பார்த்து, தோட்டத்துக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. ஒரு நிறுவனம் சூழலையும் மனிதரையும் எப்படிப் பாதிக்கிறது என்பதை வெளியே சொல்லும் முறைதான் ஜிஆர்ஐ (Global Reporting Initiative). தோட்டத்துக்கே வந்து பார்த்துச் சான்று கொடுப்பது ரெயின்பாரஸ்ட் அலையன்ஸ் போன்ற திட்டங்கள். 2023இல் வெளியான ஐஎப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 என்பவையும் அறிக்கைத் தரங்கள்தான், ஆனால் முதலீட்டாளருக்கானவை.

ஜிஆர்ஐ தரங்களில் மலையகத்துக்கு நெருக்கமானது ஜிஆர்ஐ 13. விவசாயம், மீன்பிடித் துறைகளுக்கென்று 2022இல் வந்தது. பூச்சிகொல்லி, மண்வளம், தண்ணீர், அப்புறம் வாழ்வதற்குப் போதுமான சம்பளம், எல்லாம் அதில் உண்டு. கொழுந்து பறிப்பவர்களுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் உயிர்.

அறிக்கையில் ஜிஆர்ஐ உள்ளடக்க அட்டவணையை, அதாவது எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று காட்டும் பட்டியலை, தேடுங்கள். 'இணங்க' என்று சொன்ன கம்பனி, ஒரு தகவலை விட்டால் காரணத்தையும் அங்கே எழுத வேண்டும். மரம் நட்ட படங்கள் நிறைய இருந்து சம்பளம் பற்றி ஒன்றுமே இல்லையென்றால், தொழிற்சங்கம் மூலமாவது எழுத்தில் கேளுங்கள். யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரத்தை அறிக்கையில் கொடுக்க வேண்டும் என்பதும் அதே தரத்தின் நிபந்தனைதான்.