மரக்கடை அக்காவிடம் கேளுங்கள்: நிலை, கதவு, பீடிங், பர்மா தேக்கு

வீடு கட்டுகிறவர்கள், பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் மரம் சம்பந்தமாக எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். தெரியாதவர்களுக்காக: காரைக்குடிப் பக்கம் எங்கள் மரக்கடை, தாத்தா ஆரம்பித்தது, அப்பாவுக்குப் பிறகு நானும் தம்பியும் பார்க்கிறோம், பின்னாலேயே அறுப்பு மில்லும் பீடிங் (ஓரங்களில் ஓட்டுகிற அலங்காரச் சட்டம்) போடும் மெஷினும் இருக்கிறது. கடைப் பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும்.

அக்கா, தலைவாசல் நிலைக்கு 5க்கு 3 அங்குலத் தேக்குச் சட்டம், 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம். கடையில் 2.9 கன அடி என்று பில் போட்டார்கள். நான் கணக்குப் போட்டால் 2.19தான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. உங்கள் கணக்கு சரிதான்: இரண்டு கால் 14 அடி, மேல் சட்டமும் கீழ்ப்படியும் சேர்த்து 7 அடி, மொத்தம் 21 அடி. அதை 5ஆலும் 3ஆலும் பெருக்கி 144ஆல் வகுத்தால் 2.19. ஆனால் அது இழைத்து முடித்த அளவு. முடித்த பிறகு 5க்கு 3 நிற்க வேண்டுமென்றால் அறுக்கும்போது ஐந்தே காலுக்கு மூன்றே கால் அறுக்க வேண்டும், மீதி இழைப்புளியில் சுருளாகப் போய்விடும். மேலும் கீழும் இருக்கிற சட்டங்களில் சுவருக்குள் போகிற கொம்பு பக்கத்துக்கு 3 அங்குலம் விட்டிருந்தால் நீளம் 22 அடி ஆகிறது. இப்போது போட்டுப் பாருங்கள், 2.6 வரும். அதுவரை நியாயம். மீதி 0.3 எங்கே போனது என்று கடைக்காரரிடம் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், கோபப்படாமல் கேளுங்கள். சொல்ல முடிந்தவர் சொல்லிவிடுவார்.

முழுக் கட்டையாக வாங்கினால் லாபமா? அதை எப்படி அளக்கிறார்கள்?

கட்டையின் நடுவில் டேப்பைச் சுற்றி அளந்து, அந்தச் சுற்றளவை நாலாக வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144ஆல் வகுப்பார்கள். 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 12ஐ 12ஆல் பெருக்கி, 10ஆல் பெருக்கி, 144ஆல் வகுத்தால் சரியாக 10 கன அடி. வெள்ளைக்காரர் காலத்து ஹாப்பஸ் கணக்கு இது. வட்டத்தின் உண்மையான பரப்பை வைத்துப் பார்த்தால் அதே கட்டையில் 12.7 கன அடி இருக்கிறது. அந்த 2.7 நமக்கு இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், நாலு பக்கமும் சீவித் தள்ளுகிற பட்டைப் பலகைக்காகத்தான் முன்கூட்டியே கழித்திருக்கிறார்கள். அதற்கு மேல் ரம்ப வாயில் தூளாகப் போவது, வெள்ளை (பட்டையை ஒட்டிய இளமரம்), கணு, நடு வெடிப்பு எல்லாம் கழித்து நல்ல கட்டையில் 6, 7 கன அடி சட்டம் கிடைக்கும், கோணல் கட்டையில் 5 கிடைத்தாலே பெரிது. ஒரே ஒரு நிலைக்கும் கதவுக்கும் என்றால் அறுத்த மரமே வாங்குங்கள். வீடு முழுக்க என்றால், மரம் தெரிந்த ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டை எடுக்கலாம்.

இப்போது கடைகளில் 'பர்மா தேக்கு' என்று விற்பது நிஜமாகவே பர்மாவா?

இந்தக் கேள்வியை 7 பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் முழுக் கட்டையாகத் தேக்கு ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அதனால் போன மாதம் வந்திறங்கிய பர்மாக் கட்டை என்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள். துறைமுகத்தில் இன்று இறங்குகிற தேக்குக் கட்டைகள் பெரும்பாலும் கானா, தான்சானியா, ஈக்வடார், கொலம்பியா, பனாமா மாதிரி நாடுகளின் தோட்டத் தேக்கு. அதைக் கெட்ட மரம் என்று சொல்லமாட்டேன். என் சொந்த வீட்டு உள்கதவுகளே கானா தேக்குதான். ஆனால் 20, 25 வருடத்தில் வெட்டிவிடுவதால் வருட வளையம் அகலமாக இருக்கும், வெள்ளை நிறைய இருக்கும். கானா என்று சொல்லிக் கானா விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான் என் வாதம்.

அந்தக் காலத்துப் பர்மாத் தேக்கு ஏன் அப்படி நின்றது என்பதற்குத் தாத்தா ஒரு விஷயம் சொல்வார். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஐராவதி ஆற்றில் மிதக்கவிட்டு ரங்கூனுக்குக் கொண்டுவர வேண்டுமே, அதனால் காட்டில் மரத்தின் அடியில் பட்டையையும் வெள்ளையையும் வளையமாக வெட்டிவிட்டு, நின்றபடியே 2, 3 வருடம் காயவிட்டு, அப்புறம்தான் சாய்ப்பார்கள். பிறகு யானை இழுத்து, ஆற்றில் மிதந்து, கப்பலேறி வருவதற்குள் இன்னும் காலம் ஓடிவிடும். செட்டிநாட்டு வீடுகளில் நாம் தொட்டுப் பார்க்கிற தூண் எல்லாம் அப்படி வந்தவை. பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் கொண்டுவந்தது, 1942இல் ஜப்பான்காரன் அங்கே நுழைந்ததோடு அந்த வரத்து உடைந்தது. காட்டு மரம், முதிர்ந்த மரம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது நின்றதில் பாதிக் காரணம் வைரம் (நடுவில் முற்றிய மரம்) என்றால் மீதிப் பாதி, அவசரப்படாமல் காயவிட்டது.

நிஜப் பர்மா வேண்டுமென்றால் இடித்த வீட்டு மரம் பாருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. வாங்கும்போது ஓர் ஓரத்தை இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். வளையங்கள் நெருக்கமாக, பொன்னிறமும் பழுப்புமாகத் தெரியும், கையில் லேசாக மெழுகு தடவின மாதிரி இருக்கும், பதப்படுத்திய தோல் மாதிரி ஒரு வாடை வரும். ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் மில்லுக்கு அனுப்பாதீர்கள், ஓர் ஆணி போதும் ரம்பப் பல் போய்விடும்.

ஐயா, மரம் காய்ந்திருக்கிறதா என்று கடையில் எப்படித் தெரிந்துகொள்வது?

(ஐயா இல்லை, அம்மாதான், பரவாயில்லை.) ஈரப்பதம் பார்க்கிற மீட்டர் நல்ல கடையில் இருக்கும், குத்திக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலுக்கு உள்வேலை மரம் 12 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. மீட்டர் இல்லையா, எடை போடுங்கள். காய்ந்த தேக்கு 1 கன அடி ஏறக்குறைய 18 கிலோ இருக்கும். 25 கிலோ காட்டினால் ஒன்று அது பச்சை, இல்லை அது தேக்கே இல்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அப்பா உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த வருடம், நான் தனியாகக் கடை பார்த்த முதல் வருடம், வெளியூர் வியாபாரி ஒருவர் சூளையில் காயவைத்தது என்று சொல்லி ஒரு லோடு பலகை இறக்கினார். மேலே தொட்டால் காய்ந்துதான் இருந்தது. அதில் ஒரே வீட்டுக்கு 14 கதவு போனது. சித்திரை வெயில் அடித்தது பாருங்கள், ஒவ்வொரு கதவாக முறுக்கிக்கொண்டது, மேல் மூலை நிலையில் ஒட்டினால் கீழ் மூலை அரை அங்குலம் வெளியே நிற்கிறது. மிச்சமிருந்த பலகையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். வெளி விளிம்பு வெளிறி இருந்தது, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, விரல் வைத்தால் சில்லென்று இருந்தது. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அறுத்துப் பார்த்து வாங்கினியா?" என்று மட்டும் கேட்டார். 14 கதவும் எங்கள் செலவில் மாற்றிக் கொடுத்தோம். மீட்டர் வாங்கியது அதற்கடுத்த வாரம். இன்றுவரை எந்த லோடு வந்தாலும் நடுப் பலகை ஒன்றை உருவி, குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தில்தான் மீட்டர் வைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் கதவு பிடிக்கிறது, சாத்த முடியவில்லை. ஆசாரி இழைத்துவிடலாம் என்கிறார்.

மழையில் இழைக்காதீர்கள், கோடையில் இடுக்கு வழியாகத் தெரு தெரியும். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். 12 அங்குல அகலத் தேக்குப் பலகை கோடைக்கும் மழைக்கும் நடுவில் 3 மி.மீ. வரை மாறலாம். கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள், பத்துக்கு எட்டு வீட்டில் அங்கே பாலிஷோ பெயின்டோ இருக்காது, கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டிருப்பார்கள். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். தை, மாசியில் கதவைக் கழற்றி, பிடிக்கிற இடத்தை மட்டும் லேசாக எடுத்து, 6 பக்கமும் பூசுங்கள். புதுக் கதவு செய்கிறவர்கள், சட்டத்துக்குள் வருகிற பலகைக்குப் பசை போட வேண்டாம் என்று ஆசாரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். காடிக்குள், அதாவது பலகை நுழைகிற பள்ளத்துக்குள், அது அசைய இடம் வேண்டும்.

எங்கள் அப்பத்தா வீட்டு ஜன்னலைச் சுற்றி ஒரு பீடிங் இருக்கிறது, நடுவில் அரைவட்டம், இரண்டு பக்கமும் பள்ளம். 40 அடி போய்விட்டது. அதே மாதிரி கிடைக்குமா?

கிடைக்காது, செய்ய வேண்டும். செய்யலாம்! எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். உடைந்த துண்டு 2 அங்குலம் இருந்தால் போதும், பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டு வெட்டு முகத்தைத் தாளில் வைத்துக் கூர்மையான பென்சிலால் வரைந்து அனுப்புங்கள், துண்டையும் அனுப்புங்கள். அந்த வடிவத்துக்குக் கட்டர் தீட்டி மெஷினில் ஓட்டுவார்கள். கட்டர் தீட்டும் கூலி 4 அடிக்கும் 400 அடிக்கும் ஒன்றுதான், அதனால் 40 வேண்டுமென்றால் 50 ஆகவே ஓட்டி, மிச்சத்தைப் பரணில் போட்டுவையுங்கள்.

தாத்தா காலத்தில் மெஷின் கிடையாது. வடிவத்துக்கு ஒரு இழைப்புளி. எங்கள் கடையில் ஒரு பெட்டி நிறைய இன்னும் இருக்கிறது, ஒவ்வொன்றின் அடிப்பக்கமும் பீடிங்கின் எதிர் வடிவம், கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் வழுவழுவென்று குழிந்திருக்கும். அதில் இழைத்த பீடிங்கைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அடிக்கு அடி மெல்லிய ஏற்ற இறக்கம் தெரியும். உங்கள் ஜன்னலிலும் அப்படி இருந்தால் மெஷினில் ஓட்டியதை உப்புத்தாள் கட்டையால் கொஞ்சம் கையால் தேய்க்கச் சொல்லுங்கள், பழையதோடு சேர்ந்துவிடும்.

மூலையில் 45 டிகிரி வெட்டிச் சேர்த்த பீடிங் ஒரு வருடத்தில் வாய் பிளக்கிறதே?

மேலே சொன்ன அதே காரணம்தான். அகலம் சுருங்குகிறது, நீளம் சுருங்குவதில்லை, அப்போது வெட்டின கோணமே மாறிவிடும், உள்பக்க நுனியில் இடைவெளி விழும். அகலமான பீடிங்காக இருந்தால் இன்னும் மோசம். காய்ந்த மரம் முதல் மருந்து. சுவர் உள்மூலையில் கார்னிஸ் (சுவரும் கூரையும் சேருகிற இடத்துப் பீடிங்) ஓட்டும்போது இரண்டையும் 45 வெட்டாமல், ஒன்றை நேராகச் சுவர்வரை விட்டு, மற்றதன் முனையை அந்த வடிவத்துக்கே செதுக்கி மேலே பொருத்துங்கள். பிளந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) பீடிங்கே போதும், தேக்கை வாங்கி அதன்மேல் வெள்ளை பெயின்ட் அடிப்பது எனக்கு மனசு கேட்காது. குளியலறைப் பக்கம் மட்டும் எம்.டி.எஃப். வேண்டாம்.

தோட்டத்து வேப்பமரம் சாய்ந்துவிட்டது. நிலை செய்யலாமா? வேங்கை நல்லதா?

வேம்பு தாராளமாகச் செய்யலாம், நம் கிராமங்களில் பாதி வீடு அதில்தானே நிற்கிறது. உடனே அறுத்து, வெட்டின முனைகளுக்குப் பெயின்ட் அடித்து, நிழலில், பலகைக்குப் பலகை நடுவில் ஓர் அங்குலக் குச்சி வைத்து அடுக்குங்கள். குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று நேராக வர வேண்டும், இல்லையென்றால் பலகை வளையும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, நம் வெயிலில் அதற்கு முன்பே ஆகலாம். தேய்பிறையில் வெட்டவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். தாத்தாவும் தேய்பிறை பார்த்துத்தான் வெட்டச் சொல்வார். சாய்ந்த மரத்துக்கு நாள் பார்க்க முடியாது, நன்றாகக் காயவிடுங்கள், போதும். வேங்கை உறுதியான மரம், ஆனால் ஈரம் பட்டால் மஞ்சளாகச் சாயம் விடும், வெள்ளையடித்த சுவரில் வழிந்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

புதுக் கட்டிலுக்கு அடியில் தினமும் மாவு கொட்டுகிறது.

உளுக்கிறது. கரையான் இல்லை, வண்டு. வெள்ளைப் பகுதியில் இருக்கிற மாவுச்சத்தைத் தின்கிறது, வைரத்தை அவ்வளவாகத் தொடாது. ரப்பர் மரம், மா மரம் என்றால் போராக்ஸ் மருந்து ஏற்றித்தான் விற்க வேண்டும், ஏற்றியதா என்று கடையில் கேளுங்கள். இப்போதைக்குக் கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்தி, ஓட்டைகளில் மருந்து ஊசி போட ஆள் கூப்பிடுங்கள்.

ஈட்டி மரத்தில் ஊஞ்சல் செய்ய ஆசை.

பில்லும் வனத்துறை அனுமதிச் சீட்டும் இல்லாமல் தொடாதீர்கள். ஈட்டி வகை முழுவதும் 2017 முதல் சர்வதேசக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பழைய ஊஞ்சல் பலகை ஒன்றைத் தேடி வாங்குவது எவ்வளவோ மேல்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிலை வைக்கிறோம் அக்கா. கவனிக்க வேண்டியது ஏதாவது?

நல்லபடியாக நடக்கட்டும் தங்கச்சி. இரண்டே வேலை. சுவரோடு ஒட்டுகிற பக்கத்துக்கு இன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கை அடித்துவிடுங்கள், சிமென்ட் ஈரம் உள்ளே ஏறாது. முன்பக்கத்துக்கு ஒரு கை சீலர் மட்டும். எதுவும் பூசாத வெறும் மரத்தின்மேல் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தால் அந்தக் கறை ரேகைக்குள் இறங்கிவிடும், பிறகு பாலிஷ்காரர் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.